பெரிய வெள்ளி வழிபாடு: வெறுமையான பீடம் எமக்குச் சொல்வது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் சிலுவைப்பாதையை முடித்துவிட்டு, கொட்டிலில் பாய் விரித்து அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “சுவாமி, எங்களுக்கு வருசம் முழுக்கப் பெரிய வெள்ளிதான். கோயிலுக்கு வந்து இன்னொருக்கா அழவேணுமோ?”

அவர் பகிடிக்காக அப்படிக் கேட்கவில்லை. மூன்று தடவை இடம்பெயர்ந்தவர். தமது காணி உறுதியை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றி, போன இடமெல்லாம் கொண்டு திரிந்தவர். அன்று என்னிடம் உடனே ஒரு மறுமொழி இருக்கவில்லை. “யோசித்துச் சொல்கிறேன், அம்மா” என்று மட்டும் சொன்னேன். அந்த யோசனையின் பயனே இப்பாடம். இன்னும் தம் காணிக்குத் திரும்பாதவர்களும், திரும்பியும் பழைய வாழ்வைக் காணாதவர்களும் இதனைக் குடும்பமாக அல்லது சிறு குழுவாக வாசித்துச் சிந்திக்கலாம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். எமது ஊர்களில் பெரிய வெள்ளியோடு பல பக்தி முயற்சிகள் சேர்ந்துள்ளன. சிலுவைப்பாதை, உடக்குப்பாஸ், ஆசந்திப் பவனி, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசித்தல் என்பன அவற்றுட் சில. கொன்சால்வெஸ் அடிகளார் 1705 இல் இலங்கைக்கு வந்தார். அது ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலம். குருக்கள் மறைந்து நடமாடிய அந்நாட்களில் எம் முன்னோர் பாடுகளை நினைவுகூர்ந்த முறைகள் இன்றும் எம்மிடம் உள்ளன. அவற்றைப் பேணுவது நல்லது. ஆயினும் பிற்பகல் மூன்று மணியளவில் ஆலயத்தில் நடைபெறும் திருப்பாடுகளின் வழிபாடு இவற்றிலிருந்து வேறானது. அதுவே அந்நாளின் மையம். அதன் ஒவ்வொரு சடங்குக்கும் பொருளுண்டு.

அந்த வழிபாடு நெடுங்காலமாகக் காலையில், இலத்தீன் மொழியில் நடந்து வந்தது. நற்கருணையையும் குரு மட்டுமே உட்கொண்டார். 1955 இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் பரிசுத்த வாரச் சடங்குகளைச் சீர்திருத்தியபோது, அது ஆண்டவர் இறந்த நேரமாகிய பிற்பகலுக்கு மாற்றப்பட்டது. மக்களும் நற்கருணை பெறலாயினர். 2ஆம் வத்திக்கான் சங்கத்தின் பின் அது தாய்மொழிக்கு வந்தது. ஆகவே இது குரு செய்ய மக்கள் பார்த்திருக்கும் சடங்கல்ல. மக்கள் அனைவரும் சேர்ந்து செய்வது. இனி அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. வெறுமையான பீடம்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்ததும் நற்கருணை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகப்படும். பின்னர் பீடத்து விரிப்பு எடுக்கப்படும். மெழுகுதிரிகளும் சிலுவையும் அகற்றப்படும். அன்றைய திருப்பலியின் வானவர் கீதத்தோடு ஓய்ந்த மணிகள், உயிர்ப்புத் திருவிழிப்பின் வானவர் கீதம் வரையும் ஒலிப்பதில்லை. வெள்ளிக்கிழமை நாம் ஆலயத்துள் நுழையும்போது பேழை திறந்து கிடக்கும். உள்ளே ஒன்றும் இராது.

வீடொன்று வெறுமையாவது எப்படி என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்ற அந்த மணித்தியாலத்தை நீங்கள் அறிவீர்கள். சிலர் உறுதியை எடுத்தீர்கள். சிலர் விதை வெங்காயத்தை எடுத்தீர்கள். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தவர்களும் உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கு மறைக்கக்கூடாது. திருச்சபை தன் வீட்டைத் தன் கையாலேயே வெறுமையாக்குகிறது. உங்கள் வீடோ பலவந்தத்தால் வெறுமையாக்கப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. அப்படியானால் திருச்சபை ஏன் இவ்வாறு செய்கிறது? எல்லாவற்றையும் இழந்து நின்ற ஒருவரை அன்று நினைவுகூர்வதால், தானும் எதையும் வைத்திருக்க அது விரும்பவில்லை. ஆண்டின் மற்றெல்லாத் திருநாட்களிலும் நல்ல உடுப்பு இல்லாதவர் கோயிலுக்கு வரக் கூச்சப்படுவதுண்டு. பெரிய வெள்ளியன்று கோயிலுக்கே உடுப்பில்லை. வெறுங்கையோடு வருபவர் அன்று அந்நியரல்லர்.

எனவே ஆலயத்தைச் சோடிக்கும் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அன்று பீடத்தை வெறுமையாகவே விடுங்கள். அந்த வெறுமையும் ஒரு பிரசங்கமே.

2. நிலத்தில் விழுந்து கிடத்தல்

இவ்வழிபாட்டுக்கு வருகைப் பாடல் இல்லை, வாழ்த்துரையும் இல்லை. குரு சிவப்புத் திருவுடை அணிந்து மௌனமாக வருகிறார். பீடத்தின் முன் நிலத்தில் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். மக்கள் முழங்காலில் இருக்கின்றனர். ஒருவரும் பேசுவதில்லை.

1996 ஏப்பிரல் 5 ஆம் நாள் பெரிய வெள்ளி. அதற்கு முந்திய ஆண்டு, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து மழையில் நடந்த சனத்தோடு எங்கள் குடும்பமும் தென்மராட்சிக்கு வந்திருந்தது. எனக்கு அப்போது 14 வயது. ஒரு பாடசாலை மண்டபத்தில் வழிபாடு நடந்தது. வயதான குரு ஒருவர் சீமெந்துத் தரையில் விழுந்து கிடந்தார். அவர் எழும்பியபோது சிவப்புத் திருவுடை முழுவதும் வெண்கட்டித் தூள். எவரும் அதைத் தட்டிவிடவில்லை. அவரும் தட்டவில்லை. இடப்பெயர்வுக்குப் பின் என் தகப்பனார் முதன்முறையாக அழுததை அன்றுதான் கண்டேன். செம்பாட்டு மண்ணில் தோட்டஞ் செய்தவர் அவர். ஐந்து மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

பின்னாளில் குருமடத்தில் இச்சடங்கின் பொருளைப் படித்தேன். மனிதன் மண்ணிலிருந்து உருவாக்கப்பட்டவன் (தொடக்கநூல் 2:7). கெத்சமனியில் இயேசுவும் தரையில் விழுந்து செபித்தார் (மாற்கு 14:35). பெரிய வெள்ளியில் குரு அந்த மண்ணோடு மண்ணாகிறார். இதில் எமக்கொரு பாடமுண்டு. துன்பத்தின் முன் திருச்சபை முதலில் செய்வது விளக்கம் சொல்வதல்ல. அது விழுந்து கிடக்கிறது, மௌனமாகிறது.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வந்து ஏழு நாட்கள் அவரோடு தரையில் இருந்தார்கள்; ஒரு சொல்லும் பேசவில்லை (யோபு 2:13). அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பின்னரே பிழைவிட்டார்கள். அபிவிருத்திப் பணியில் இருக்கும் எம் போன்றோரும் இதைப் படிக்கவேண்டும். தறப்பாள் கொட்டில் ஒன்றுக்குப் போய், இருக்க முன்னரே குடும்ப விபரப் படிவத்தை நீட்டியவர்களுள் நானும் ஒருவன்.

3. முழுக் கதையையும் கேட்டல்

அன்று மூன்று வாசகங்கள். முதலாவது, துன்புறும் ஊழியனைப் பற்றியது (எசாயா 52:13–53:12). இரண்டாவது எபிரேயர் திருமுகத்திலிருந்து (4:14–16, 5:7–9). இயேசு உரத்த குரலெழுப்பிக் கண்ணீரோடு மன்றாடினார் என்று அது சொல்கிறது. அழுவது விசுவாசக் குறைவு என்று எவராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், இந்த வாசகத்தை அவருக்குக் காட்டுங்கள்.

மூன்றாவது, யோவான் எழுதிய திருப்பாடுகளின் வரலாறு (18:1–19:42). இதை வாசிக்கும்போது பக்கத்தில் மெழுகுதிரி பிடிப்பதில்லை, தூபம் இல்லை. சுருக்காமல், நீண்ட வரலாறு முழுவதும் வாசிக்கப்படுகிறது. தோட்டஞ் செய்பவர்களுக்கு இதில் கண்ணில் படும் ஒன்றுண்டு. இந்த வரலாறு ஒரு தோட்டத்தில் தொடங்கி (18:1) ஒரு தோட்டத்தில் முடிகிறது (19:41). இடையில் நடப்பவற்றையும் கவனியுங்கள். பிடிக்கப்பட்டவரை அன்னாவிடம் கொண்டு போகிறார்கள். அங்கிருந்து கயபாவிடம், அங்கிருந்து பிலாத்துவிடம். ஒவ்வொருவரும் பொறுப்பை மற்றவரிடம் தள்ளுகிறார்கள். கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் காவலரணுக்கும் அலைந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. படைவீரர் அவருடைய உடுப்பைப் பங்கு போடுகிறார்கள். சாகும் வேளையில் அவர் தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைக்க, அச்சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்கிறார் (19:27). இடம்பெயர்ந்தவரை வீட்டில் ஏற்ற முதலாவது கிறிஸ்தவக் குடும்பம் அது என்று சொல்லலாம். உங்களுக்குத் திண்ணை தந்த குடும்பத்தை இவ்விடத்தில் நன்றியோடு நினையுங்கள்.

இயேசு உயிர்விடும் இடம் வந்ததும் வாசிப்பு நிற்கிறது. எல்லோரும் முழங்காலிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருக்கிறோம். பிறகு எழுந்து, மிகுதியையும் கேட்கிறோம். அந்த மிகுதியும் முக்கியமானது. அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்கிறார் (19:38). தம்மவர் என்னவானார் என்று அதிகாரத்திடம் கேட்பது நற்செய்தியிலேயே உள்ள செயல். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தபோது, அவர்கள் கேட்டதும் இத்தகைய கேள்வியே.

பல குடும்பங்களில் இடப்பெயர்வின் கதை பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. “அதுகளுக்கேன் அந்தக் கவலை” என்று விட்டுவிடுகிறோம். திருச்சபையோ மிக வேதனையான கதையை ஆண்டுதோறும் முழுவதும் வாசிக்கிறது. காயத்தைக் கிளறுவது இதன் நோக்கமல்ல. சொல்லப்படாத கதை பிள்ளைகளிடம் பயமாகவோ வன்மமாகவோ தங்கிவிடும். ஒழுங்காகச் சொல்லப்பட்ட கதை அவர்களுக்கு அறிவாகும்.

4. பத்து மன்றாட்டுகள்

வாசகங்களின் பின் பத்துச் சிறப்பு மன்றாட்டுகள் வருகின்றன. உரோமைத் திருச்சபையின் மிகப் பழைய மன்றாட்டு முறை இது. கருத்து அறிவிக்கப்படும், முழங்காலிட்டு மௌனமாகச் செபிப்போம், எழுந்து நிற்போம், குரு செபத்தைச் சொல்லுவார். முழங்கால் நோகும் வயதானவர்கள் இருந்தபடியே செபிக்கலாம்.

திருச்சபை, பாப்பரசர், குருக்களும் இறைமக்களும், திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர், கிறிஸ்தவர்களின் ஒன்றிப்பு, யூத மக்கள், கிறிஸ்துவை விசுவசியாதோர், கடவுளை நம்பாதோர், அரச பதவிகளில் இருப்போர், துன்புறுவோர் என்பது அவற்றின் ஒழுங்கு. இதில் மூன்று இடங்களில் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

முதலாவது, யூத மக்களுக்கான மன்றாட்டு. இதன் பின்னே எமக்கு வெட்கம் தரும் வரலாறு உண்டு. இயேசுவின் சாவுக்கு ஒரு முழு இனமே குற்றவாளி என்று கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசினார்கள். ஐரோப்பாவின் சில இடங்களில் பரிசுத்த வாரத்தில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். பழைய மன்றாட்டில் அவர்களை இழிவுபடுத்திய சொல்லைப் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1959 இல் நீக்கினார். அந்தக் குற்றத்தை அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தக்கூடாது என்று 1965 இல் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அதன்பின் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. திருச்சபை தன் செபத்திலேயே தன் பிழையைத் திருத்திக்கொண்டது.

இரண்டாவது, எம் விசுவாசத்தைச் சேராதவர்களுக்கான மன்றாட்டு. எமது இடப்பெயர்வை நினைக்கும்போது இன்னோர் இடப்பெயர்வையும் நினைக்க இது எம்மை அழைக்கிறது. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அதே மாதத்தில் வட மாகாணத்தின் ஏனைய இடங்களிலிருந்தும் அவர்கள் விரட்டப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், அதே ஒக்டோபர் 30 இல் நாங்கள் நடந்தோம். அவர்கள் போனபோது எங்களிற் பெரும்பாலோர் பயத்தினாலோ வேறு காரணத்தினாலோ பேசாதிருந்தோம். பெரிய வெள்ளியன்று எம் இழப்பை மட்டும் கடவுள் முன் வைத்துவிட்டு அவர்களுடைய இழப்பை மறைப்பது நேர்மையல்ல. எந்த ஓர் இனத்தையும், சிங்களவரையோ முஸ்லிம்களையோ தமிழரையோ, முழுவதுமாகக் குற்றவாளி என்று சொல்லும் வழக்கத்தைச் சிலுவையின் அடியில் விட்டுவிட வேண்டும். குற்றத்தைச் செய்தவர்கள் அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். இனத்தின் மேல் குற்றஞ் சுமத்துவது அதுவல்ல.

மூன்றாவது, அரச பதவிகளில் இருப்போருக்கான மன்றாட்டு. “எங்கட காணியைப் பிடிச்சு வைச்சவைக்காகவும் செபிக்கிறதோ?” என்று ஓர் இளைஞன் என்னிடம் கேட்டான். ஆம், செபிப்பதுதான். ஆனால் செபிப்பது வேறு, சரியென்று ஏற்பது வேறு. பிலாத்துவின் முன் நின்ற இயேசு, அவனுடைய அதிகாரம் அவனுடைய சொந்தமல்ல, மேலிருந்து வந்தது என்று அவனுக்கே சொன்னார் (19:11). அதிகாரியின் இருதயத்தையும் அறிவையும் கடவுள் வழிநடத்த வேண்டும் என்று கேட்பவர், அவர் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பதை நினைவூட்டுகிறார். செபித்துவிட்டு மறுவாரம் காணி விடுவிப்பு மனுவில் கையெழுத்து வைப்பதில் எந்த முரண்பாடும் இல்லை.

எமது துன்பத்துக்கான மன்றாட்டு பத்தாவதாக, கடைசியாக வருகிறது. ஒன்பது தரம் பிறருக்காக முழங்காலிட்ட பின்னரே எம் முறை வருகிறது. ஆனால் அது வரும்போது எவரையும் விட்டுவிடவில்லை. நோய், பசி, சிறை, விலங்கு எல்லாம் அதில் வருகின்றன. வீட்டைவிட்டுத் தூரத்தில் இருப்போர் திரும்பிவர வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் உண்டு. உலகின் எல்லாப் பங்குகளிலும், உங்கள் ஊரின் பெயரையே அறியாதவர்கள், பெரிய வெள்ளியன்று நீங்கள் வீடு திரும்பவேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்டார்கள். இதை மறவாதீர்கள்.

5. ஒரே சிலுவை

அடுத்தது சிலுவை ஆராதனை. துணியால் மூடப்பட்ட சிலுவையைக் குரு மூன்று கட்டமாகத் திறந்து காட்டுகிறார். அல்லது வாசலிலிருந்து மூன்று இடங்களில் நின்று உயர்த்திக்கொண்டு வருகிறார். பின்னர் முதலில் குருவும், அவர் பின்னே மக்களும் ஒவ்வொருவராக வந்து முத்தி செய்கிறோம். குரு தம் மேற்திருவுடையையும் பாதணியையும் கழற்றிவிட்டு வரலாம் என்று திருச்சபையின் விதி சொல்கிறது.

இந்தச் சடங்கு எருசலேமிலிருந்து வந்தது. 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு யாத்திரை போன எகேரியா என்னும் பெண் அதைக் கண்டு எழுதிவைத்துள்ளார். ஆயர் சிலுவை மரத்தின் இரு முனைகளையும் தம் கைகளாற் பிடித்துக்கொண்டிருப்பாராம். மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, நெற்றியாலும் கண்களாலும் தொட்டு முத்தமிட்டுச் செல்வார்களாம். திருத்தொண்டர்கள் சுற்றிக் காவல் நிற்பார்களாம். ஏனெனில், முன்னொரு முறை யாரோ முத்தமிடுவதுபோற் குனிந்து மரத்தில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாராம்! பெறுமதியானதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எம் வழக்கத்தை நினைவூட்டும் காட்சி இது.

ஆராதனைக்கு ஒரே ஒரு சிலுவையையே பயன்படுத்த வேண்டும் என்பதும் விதி. சனம் கூட என்பதற்காக நான்கைந்து சிலுவைகளை வைத்து விரைவாக முடிப்பது முறையல்ல. மிகவும் கூட்டமானால் அந்த ஒரே சிலுவையை உயர்த்திப் பிடிக்க, எல்லோரும் மௌனமாக ஆராதிக்கலாம். ஒரே சிலுவை என்றால் எல்லோருக்கும் ஒரே வரிசை. காணி உள்ளவரும் கூலிக்குப் போகிறவரும், ஊரவரும் வந்து குடியேறியவரும் அதில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறோம். சாதி பார்த்து இடம் ஒதுக்கிய பழைய வழக்கத்தின் மிச்சம் எங்காவது இருந்தால், அதற்கு அந்த வரிசையில் இடமில்லை.

1996 இல் அந்தப் பாடசாலை மண்டபத்தில் சிலுவை இருக்கவில்லை. இரண்டு பனஞ்சலாகைகளைக் கயிற்றால் வரிந்து கட்டி ஒன்றைச் செய்தார்கள். சிராய் குத்தும் என்று பயந்து நாங்கள் சிறுவர்கள் மெதுவாகவே முத்தமிட்டோம்.

இவ்விடத்தில் ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்த வேண்டும். “இது கடவுள் தந்த சிலுவை, பேசாமற் சுமக்க வேண்டியதுதான்” என்று சிலர் சொல்வதுண்டு. சிலுவை என்பது உரோமை அரசு மனிதருக்குக் கொடுத்த கொலைத் தண்டனை. அந்த மரத்தை நாம் முத்தமிடும்போது கொலையை முத்தமிடவில்லை. துன்பம் நல்லதென்றும் சொல்லவில்லை. அதிலே தொங்கி, அங்கும் எம்மை விட்டு அகலாதவரையே முத்தமிடுகிறோம். உங்கள் வீட்டை இழக்கச் செய்தது கடவுளின் விருப்பமல்ல. அந்த இழப்பில் உங்களோடு நின்றவர் கடவுள்.

6. நேற்றைய அப்பம்

பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. ஆராதனைக்குப் பின் பீடத்தில் ஒரு விரிப்பு மட்டும் விரித்து, வியாழக்கிழமை அர்ப்பணித்து வைத்த நற்கருணையைக் கொண்டுவருகிறார்கள். கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி, அதையே உட்கொள்கிறோம்.

பயணத்தின் முதல் நாள் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள்? முதல் நாள் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்ததைத்தானே. சமைக்க முடியாத நாளில் நேற்றைய சோறு உயிரைக் காக்கிறது. நற்கருணையின் அப்பம் புளிப்பில்லாதது என்பதையும் நினையுங்கள். எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்ட மக்களுக்கு மாவைப் புளிக்கவைக்க நேரம் இருக்கவில்லை என்று விவிலியம் சொல்கிறது (விடுதலைப் பயணம் 12:39). அவசரமாக ஓடிய மக்களின் அப்பமே எமது பீடத்தின் அப்பம். கடைசி இராவுணவில் நிரம்ப இருந்தபோது பகிர்ந்தது, மறுநாள் ஒன்றுமில்லாதபோது எம்மைத் தாங்குகிறது. நல்ல காலத்தில் விதைநெல்லை வேறாக எடுத்துவைக்கும் கமக்காரருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

7. மௌனமாகக் கலைதல்

முடிவில் குரு மக்கள் மீது ஒரு செபம் சொல்கிறார். ‘சென்று வாருங்கள்’ என்ற வழமையான பிரியாவிடை இல்லை. முடிவுப் பாடலும் இல்லை. சிலுவைக்கு முழங்காலிட்டு எல்லோரும் பேசாமற் கலைகிறார்கள். பீடம் மறுபடியும் வெறுமையாக்கப்படுகிறது.

ஏனெனில் கதை இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கும் உயிர்ப்புக்கும் இடையே ஒரு முழுச் சனிக்கிழமை இருக்கிறது. அந்த நாளில் ஒன்றும் நடப்பதுபோற் தெரியாது. எம்மிற் பலருடைய வாழ்வு அந்தச் சனிக்கிழமையிலேயே நிற்கிறது. போர் 2009 இல் முடிந்தது. ஆனாலும் எல்லாம் திரும்பி வரவில்லை. இன்ன திகதியில் காணி கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. அப்படிப் பொய் வாக்குறுதி கொடுப்பது குருவுக்கு அழகுமல்ல. திருச்சபை சனிக்கிழமையைத் தாண்டிப் பாய்வதில்லை, காத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். விதைத்தவன் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வரம்பைக் கட்டுகிறான், தண்ணீர் பாய்ச்சுகிறான். காத்திருப்பதும் வேலைதான்.

அந்தத் தாய்க்கு மறுமொழி

“இன்னொருக்கா அழவேணுமோ?” என்ற கேள்விக்கு இப்போது என்னால் இவ்வளவு சொல்ல முடியும். அம்மா, அழுவதற்காக வரவேண்டாம். இனித் தனியே அழாமல் இருப்பதற்காக வாருங்கள். வீட்டில் உங்கள் இழப்பு உங்களோடு மட்டும் இருக்கிறது. அன்று அது வெறுமையான பீடத்தின் முன் எல்லோருடைய இழப்போடும் சேர்கிறது. எங்களோடு நிலத்தில் விழுந்து, முழுக் கதையையும் கேட்டு, பிறருக்காகவும் முழங்காலிட்டு, ஒரே வரிசையில் நின்று, நேற்றைய அப்பத்தைப் பகிர்ந்து, மௌனமாக வீடு போகிறோம். இழப்பு அப்படியே இருக்கும். அதைச் சுமக்கும் தோள்கள் கூடும்.

ஊரில் நாம் செய்யக்கூடியவை

— ஆராதனைக்கான சிலுவையை ஊரிலுள்ள மரத்தில், பல குடும்பங்கள் சேர்ந்து செய்யலாம். முதற் குடியிருப்பாளரும் வந்து சேர்ந்தவர்களும் இதில் பங்குபற்றட்டும்.

— பரிசுத்த வாரத்தில் ஒரு மாலை, பெரியவர்கள் தம் இடப்பெயர்வின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். யார் உதவினார்கள் என்பதையும் தவறாமற் சொல்லவேண்டும்.

— ஒருசந்தியால் மிச்சமாகும் ஒரு நேரச் சாப்பாட்டின் பெறுமதியை மாதர் சங்கம் சேகரித்து, விதைக்கு வழியில்லாத ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். அக்குடும்பம் எந்த மதத்தவர் என்று பார்க்கத் தேவையில்லை.

— ஆலயத்துக்கு வர இயலாத நோயாளர் வீட்டில், வழிபாட்டின் பின் இருவராவது போய்ச் சிலுவையின் முன் அவரோடு செபிக்கலாம். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிட்டு வரலாம்.

கலந்துரையாட வினாக்கள்

1. வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளில் நீங்கள் எதைக் கையில் எடுத்தீர்கள்? ஏன் அதை எடுத்தீர்கள்?

2. திருப்பாடுகளின் வரலாற்றில் உங்கள் குடும்பத்தின் கதையோடு ஒத்துவரும் இடம் எது?

3. பத்து மன்றாட்டுகளில் எந்த மன்றாட்டுக்கு முழங்காலிடுவது உங்களுக்குக் கடினம்? அக்கடினத்தை மறைக்காமல் குழுவிற் பேசுங்கள்.

4. எம் ஊரிலிருந்து போனவர்கள், அல்லது எம் ஊருக்கு வந்தவர்கள், எவரையாவது நாம் ‘அவையள்’ என்று ஒதுக்கிவைத்திருக்கிறோமா?

5. காத்திருக்கும் இந்தச் சனிக்கிழமைக் காலத்தில், அடுத்த போகத்துக்கு முன் நாம் சேர்ந்து கட்டக்கூடிய ‘வரம்பு’ எது?